மணிக்குப் பத்து ரூபாய்: கும்பகோணத்து வாடகை சைக்கிள்

கும்பகோணத்தில் குடியேறி ஒன்றரை வருஷம் ஆகிறது. பிறந்தது, படித்தது, பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தது எல்லாம் சிங்கப்பூரில். அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு வலங்கைமான் பக்கம். அந்த உறவை வைத்துத்தான் மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் வீடு பிடித்தேன். வந்த நாளிலிருந்து ஆட்டோ, டவுன் பஸ், வாடகைக் கார் என்று எல்லாவற்றிலும் போய்ப் பார்த்துவிட்டேன். இந்த ஊரை எனக்குக் காட்டிக்கொடுத்தது அவை எதுவும் இல்லை, ஒரு சந்துக்குள் இருக்கும் வாடகை சைக்கிள் கடைதான்.

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தகரக் கொட்டகை, வாசலில் ஒரு காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய இரும்புச் சட்டி. உள்ளே ஏழு வண்டிகள், அதில் இரண்டு லேடீஸ் சைக்கிள். மணிக்கு 10 ரூபாய், நாள் முழுக்க என்றால் 60. முதல் நாள் நான் பாஸ்போர்ட் நகலை நீட்டினேன். கடைக்கார அண்ணன் அதை வாங்கவே இல்லை. "எந்தத் தெரும்மா? யாரு வீட்ல குடியிருக்கீங்க?" என்று கேட்டார். சொன்னேன். ஒரு நாற்பது பக்க நோட்டில் 'சிங்கப்பூரம்மா' என்று எழுதி, பக்கத்தில் போன் நம்பரும் நேரமும் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான்.

அந்த நிமிஷம் என்னை ஏன் அசைத்தது என்று சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் செயலியில் திறக்கும் சைக்கிள் எடுத்து ஓட்டியவள் நான். மஞ்சள் கோட்டுக்குள் நிறுத்தி, கியூஆர் குறியை ஸ்கேன் செய்தால்தான் பயணம் முடிந்ததாகக் கணக்கு. ஒழுங்கான ஏற்பாடுதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒரு நிறுவனம் திடீரென்று கடையைக் கட்டியபோது நான் கட்டியிருந்த முன்பணம் திரும்பி வரவில்லை. யாரிடம் போய்க் கேட்பது என்றும் தெரியவில்லை, ஏனென்றால் அந்தச் சைக்கிளுக்குப் பின்னால் ஒரு முகத்தையும் நான் பார்த்ததில்லை. இங்கே முன்பணமே வாங்காமல் ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார்.

எனக்கு வாய்த்தது நாலாம் நம்பர் வண்டி. பின் மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டில் 4 என்று எழுதியிருக்கும். கம்பி பிரேக், சீட்டுக்கு அடியில் தடித்த ஸ்பிரிங், பழைய பித்தளை பெல். கனமான வண்டி. கிளப்பும்போது இரண்டு மிதி அழுத்தி மிதிக்க வேண்டும், கிளம்பிவிட்டால் அதன் பாட்டுக்குப் போகும். டெல்டாவில் மேடு என்று சொன்னால் ஆற்றுப் பாலத்து ஏற்றம் ஒன்றுதான். கியர் இல்லாதது ஒருநாளும் குறையாகத் தெரியவில்லை.

வழக்கமாகப் போவது தாராசுரம், நாலு கிலோமீட்டர். காலையில் ஆறரைக்குக் கிளம்பினால் டியூஷனுக்குப் போகும் பெண் பிள்ளைகள் அரசு கொடுத்த இலவச சைக்கிளில் இரண்டிரண்டு பேராகப் பேசிக்கொண்டே வருவார்கள். கொஞ்ச தூரம் அவர்களோடு போகலாம். தாராசுரத்தில் சௌராஷ்டிர நெசவாளர்கள் அதிகம். தெருவில் பட்டுப் பாவு, அதாவது தறியில் ஏற்றும் நீள இழைகளை, நீட்டியிருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். காரில் போனால் டிரைவர் வேறு தெருவில் திருப்பிவிடுவார். நின்று பார்த்தால், ஆளுக்கொரு பக்கம் நின்று அறுந்த இழையை விரலால் தேடி முடிபோடுவது தெரியும். வீட்டுக்குள்ளிருந்து தறிச் சத்தம் வரும்.

ஐராவதேசுவரர் கோயில் இரண்டாம் ராஜராஜன் கட்டியது, 12ஆம் நூற்றாண்டு. 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. முன்மண்டபத்தையே தேராக வடித்து, சக்கரம் வைத்து, குதிரை பூட்டியிருக்கிறார்கள். அந்தக் கல் சக்கரத்தைப் பல தடவை பார்த்திருக்கிறேன். ஒருநாள் கடையில் அண்ணன் ரிம்முக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார். முன்சக்கரத்தில் 32 கம்பி, பின்சக்கரத்தில் 40, பாரம் பின்னால் இருப்பதால் அப்படி என்றார். ஒவ்வொரு கம்பியையும் நகத்தால் சுண்டி, தொளதொளவென்று கேட்பதை மட்டும் சாவி போட்டு முறுக்கினார். அதைப் பார்த்த பிறகு தாராசுரத்துக்குப் போனபோது அந்தச் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து குடத்தையும் ஆரத்தையும் வட்டையையும் விரல் வைத்துப் பார்த்தேன். வண்டிச் சக்கரம் எப்படி இருக்கும் என்று கையால் தெரிந்தவன் செதுக்கியது அது. (நடை 12 மணிக்குச் சாத்திவிடும், மறுபடி திறக்க 4 மணி. கருவறைச் சுவரின் அடியில் இருக்கும் நாயன்மார் கதைச் சிற்பங்கள் முழங்கால் உயரம்தான், அவசரத்தில் தப்பிவிடும்.) வண்டியை எங்கே நிறுத்துவது என்ற கவலை இல்லை. பூக்கடை அக்காவிடம் சொன்னால் போதும்.

சுவாமிமலை எட்டு கிலோமீட்டர், அரை நாள் வேண்டும். முருகன் கோயிலுக்கு அறுபது படி, அறுபது தமிழ் வருஷத்தின் பெயரில். கீழே தெருவில் ஸ்தபதிகளின் பட்டறைகள். ஒரு பட்டறையில் உள்ளே வந்து பார்க்கச் சொன்னார்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துச் செய்த பொம்மை, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைச் சந்தனம் போலக் குழைத்து முதல் பூச்சு. அந்த மண்ணைக் கொஞ்சம் என் உள்ளங்கையில் வைத்தார்கள். மணல் ஒரு பொட்டுகூட உறுத்தவில்லை. மெழுகில் இருக்கும் கண் இமைக்கோடு மண்ணில் அப்படியே பதிய வேண்டும் என்றால் மண் இப்படித்தான் இருக்க வேண்டும். காய்ந்த பிறகு சூடுகாட்டி மெழுகை உருக்கி வெளியே விட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஒரு அச்சில் ஒரே விக்கிரகம், எடுக்கும்போது அச்சை உடைத்துவிட வேண்டும்.

இனி குறைகள். டைனமோ எரியாது, அதனால் இருட்டுவதற்குள் திரும்பியே ஆக வேண்டும். மத்தியானம் ஒன்றரையிலிருந்து நாலு வரை கடை பூட்டியிருக்கும், அந்த நேரமும் வாடகைக் கணக்கில் சேரும். இது சரியில்லை என்று அண்ணனிடமே சொன்னேன். இன்னும் மாற்றவில்லை. பெரிய குறை பிரேக். ஆடி மாதத்தில் ஒருநாள் பாலத்து இறக்கத்தில் பின் பிரேக் கட்டை கழன்று விழுந்துவிட்டது. எதிரே பஸ். காலைத் தரையில் தேய்த்து ஓரத்துப் புல்லில் ஏற்றி நிறுத்தினேன். செருப்பு போனது, அடி இல்லை. நான் கோபமாகத்தான் போய்ச் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஏழு வண்டியிலும் கட்டையை மாற்றினார். அன்றிலிருந்து யார் வந்தாலும், "பிரேக்கப் புடிச்சுப் பாத்துட்டு ஏறுங்க" என்று சொல்லித்தான் அனுப்புகிறார். நீங்களும் பிடித்துப் பார்க்காமல் ஏறாதீர்கள்.

தை, மாசியில் போகிறவர்களுக்கு இன்னொன்று. அறுவடை சமயத்தில் கிராமத்து ரோட்டில் நெல் காயும், வைக்கோலும் பரப்பியிருக்கும். பட்டீஸ்வரத்துக்குப் போகும் வழியில் அப்படி வைக்கோல்மேல் ஏறிவிட்டேன். பத்து மிதியில் ஃப்ரீவீல் இறுகிவிட்டது. கையால் இழுக்க இழுக்க இன்னும் சுற்றிக்கொண்டது. வயலிலிருந்து ஒரு ஆத்தா கருக்கரிவாளோடு வந்தார். "இழுக்காத தாயி, அது கயிறா திரிஞ்சு போச்சு" என்று சொல்லி, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றச் சொன்னார். நான் சுற்றச் சுற்ற, அரிவாள் நுனியால் இழை இழையாக அறுத்து எடுத்தார். கால் மணி நேரம். தண்ணீர் குடிக்க வீட்டுக்குக் கூட்டிப்போனார். பாட்டியின் ஊரைச் சொன்னேன். "அங்கதான் எங்க சின்ன நாத்தனாரக் கட்டிக்குடுத்திருக்கு" என்றார்.

தஞ்சாவூர் மெயின் ரோட்டில் மட்டும் இந்த வண்டியைக் கொண்டுபோக வேண்டாம். பஸ்கள் ஓரத்துக்கு ஒதுக்கிவிடும். உள்ரோடு கொஞ்சம் சுற்று, ஆனால் நிழல் இருக்கும், வெற்றிலைக் கொடிக்கால் பார்க்கலாம். வழக்கம்போல ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்து தண்ணீர் இங்கே வந்து சேர்ந்த பிறகு என்றால் வாய்க்காலோரமாகவே போகலாம்.

இப்போது நான் போனால் அண்ணன் நோட்டை எடுப்பதில்லை, நாலாம் நம்பரைத் தனியாக நிறுத்தி வைத்திருக்கிறார். இந்த வாரம் அதை ஓவராயில் செய்யப் பிரித்துப் போட்டிருக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் பூட்டிவிடுவேன் என்றிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நாச்சியார்கோவில், ஒரு குத்துவிளக்கு வாங்க வேண்டும்.