அலறும் கார் அலாரம்: வயரைப் பிடுங்குவதா, திருகைக் குறைப்பதா, கழற்றியே விடுவதா?

பக்கத்தில் ஆளே இல்லாமல் நடு ராத்திரியில் அலறும் காருக்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். எல்லாமே சத்தத்தை நிறுத்தும். நோயைத் தீர்ப்பது எது என்பதுதான் கேள்வி.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுவது உடனடி வைத்தியம். ஆனால் சில சைரன்களுக்குள்ளேயே தனி பேட்டரி இருக்கும். மின்சாரத்தைத் துண்டித்தால் திருடன் வேலை என்று எண்ணி இன்னும் ஆங்காரமாகக் கத்தும். அதை அடக்க சைரனிலேயே ஒரு சின்னச் சாவித்துளை உண்டு, அந்தச் சாவியைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் அபூர்வம். முனையைக் கழற்றினால் கடிகாரமும் ரேடியோ செட்டிங்கும் போய்விடலாம், ரிமோட்டும் வேலை செய்யாது. ஒரு ராத்திரியைத் தள்ள மட்டும் சரி.

அக்சசரி கடைக்குப் போனால், அதிர்வை உணரும் சென்சாரில் அதன் உணர்திறனைக் கூட்டிக் குறைக்கிற திருகைக் குறைத்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். லாரி போனால், தீபாவளி வெடி வெடித்தால் மட்டும் கத்துகிற வண்டிக்கு இது போதும். காரணமே இல்லாமல் கத்தினால் திருகைத் தொடுவதற்கு முன் சென்சாரின் பிளக்கை மட்டும் உருவிவிட்டு ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். கதவுக் காவல் அப்படியே இருக்கும். அப்போதும் அலறினால் சென்சார் மேல் குற்றமில்லை.

அப்படியானால் காரணத்தைத் தேடத்தான் வேண்டும். பாதிப் பேர் இந்த வேலையைத் தட்டிக்கழிக்கிறார்கள், ஆனால் செலவு குறைந்த வழி இதுதான். முதலில் பேட்டரி. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் நல்ல நிலை, 12.2 என்றால் பாதி சார்ஜ்தான். அதற்கும் கீழே இறங்கினால் அலாரம் தடுமாறத் தொடங்கும். வாரக்கணக்கில் எடுக்காத வண்டிகளில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். அடுத்தது பானெட் ஸ்விட்ச். மழைத்தண்ணீரும் சேறும் படுகிற இடத்தில் இருப்பதால் துரு ஏறி, மூடிய பானெட்டைத் திறந்ததாகச் சொல்லிவிடும். துடைத்துப் பார்க்கலாம், இல்லாவிட்டால் மாற்றலாம். பானெட்டைத் திறந்த கையோடு எலி கடித்த வயர் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ரிமோட்டில் பட்டன் அமுங்கியே கிடந்தாலும் இதே கூத்துதான்.

கம்பெனியிலிருந்தே வந்த அலாரம் என்றால் இதோடு நிறுத்திக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போவது நல்லது. வாரன்டி உள்ள வண்டியில் வெளி எலக்ட்ரீஷியன் கை வைக்க வேண்டாம். வண்டி வாங்கிய பிறகு கடையில் மாட்டிய பழைய அலாரம் என்றால் என் ஓட்டு கழற்றிவிடுவதற்கே. வயரை முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள் வெயிலில் காய்ந்து ஒன்றை மாற்றி ஒன்று தகராறு செய்யும். இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் சாவியின் சிப்பை அடையாளம் கண்டால்தான் எஞ்சினை ஓடவிடும் இம்மொபிலைசர் இருப்பதால், சைரன் போனால் பெரிய நஷ்டமில்லை. கியர் லாக் ஒன்று போட்டுக்கொண்டால் போதும்.

கழற்றும்போது கட்டரால் வெட்டி எறிய விடாதீர்கள். பல செட்டுகளில் இக்னிஷனைத் துண்டிக்கும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) அலாரத்தோடு சேர்ந்திருக்கும். வெட்டினால் வண்டி கிளம்பாது, இழுத்துக்கொண்டு போகவேண்டி வரும். பழைய வயரிங்கை மறுபடி சேர்த்துத் தரத் தெரிந்த ஆளிடமே கொடுங்கள். ஏஆர்ஏஐ (இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம்) சான்று பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவி என்று காட்டி இன்சூரன்ஸில் தள்ளுபடி வாங்கியிருந்தால், கழற்றியதை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லிவிடுங்கள். அந்தத் தள்ளுபடி ஓன் டேமேஜ் (சொந்த வண்டியின் சேதத்துக்கான) பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய்தான்.