மன்னார்குடியிலிருந்து ஜெர்மனிக்குப் பார்சல்: 3 வருட அனுபவம்

ஜெர்மனிக்குப் படிக்க வந்து 3 வருடம் ஆகிறது. அம்மா மன்னார்குடியிலிருந்து இதுவரை 11 பார்சல் அனுப்பியிருக்கிறார், என் கைக்கு வந்தது 10. திரும்பிப் போன அந்த ஒன்றைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக வரும் நம் பிள்ளைகள் எல்லோரும் சிக்குகிற இடம் அதுதான்.

இங்கே அறை எண்ணைவிடத் தபால் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயர்தான் முக்கியம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர் இருக்கும். விடுதியில் அதைப் பார்த்துப் பெட்டியில் அப்பா பெயரை மட்டும் ஒட்டிவிட்டார்கள், அம்மாவோ ஊர் வழக்கப்படி இனிஷியல் போட்டு என் பெயரை எழுதியிருந்தார். டெலிவரிக்கு வந்தவருக்கு அப்படி ஓர் ஆளே அந்தக் கட்டடத்தில் இல்லை. பார்சல் ஊருக்குத் திரும்பிப் போய்ச் சேர்வதற்குள் முறுக்கெல்லாம் காறிப் போய்விட்டது. அம்மா போனில் அழுதார். இப்போது பெட்டியிலும் பார்சலிலும் இரண்டு பெயரும் முழுதாக இருக்கின்றன. அப்பா பெயரை வாயால் சொல்லிப் பழக்கமில்லாத அம்மாவுக்கு அதை எழுதக் கை வரவில்லை, அப்பாதான் எழுதுகிறார்.

வந்த அன்றே பெட்டியில் உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், பார்சல் மட்டுமல்ல, முக்கியமான கடிதங்களும் அதில்தான் வரும். பேங்க் கார்டு ஒரு கவரிலும் அதன் ரகசிய எண் வேறு கவரிலும் வரும், வரி எண்ணும் தபாலில்தான்.

அப்புறம் சுங்கம். வீட்டிலிருந்து வரும் அன்பளிப்புக்கு 45 யூரோ மதிப்பு வரை வரி இல்லை. ஆனால் காபிக்கு இந்த நாட்டில் தனி வரியே உண்டு, அன்பளிப்பாக வந்தாலும் 500 கிராம் வரைதான் வரி இல்லை. தெரியாமல் அப்பா கும்பகோணத்தில் அரைத்து வாங்கி ஒரு கிலோ அனுப்பிவிட்டார், சுங்க அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அங்கே என் முன்னால்தான் பிரித்தார்கள். அம்மா பழைய வேட்டித் துணி சுற்றிச் சாக்கு ஊசியால் தைத்திருந்த தையலை அந்த அதிகாரி ஒவ்வொன்றாகக் கத்தியால் அறுத்தார், கடைசித் தையல் விட்டதும் அறை முழுக்கக் காபி வாசனை. வரி கட்டி எடுத்துவந்தேன்.

நெய், பால்கோவா வேண்டவே வேண்டாம், பால் பொருளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்று கேட்பார்கள், பொடியாக அரைத்து அனுப்பச் சொல்லுங்கள். சுங்கப் படிவத்தில் பொத்தாம்பொதுவாக ‘தின்பண்டம்’ என்று எழுதாமல் சுண்டைக்காய் வத்தல் 200 கிராம், பருப்புப் பொடி 250 கிராம் என்று மதிப்போடு ஆங்கிலத்தில் தனித்தனியாக எழுத வேண்டும். அப்படி எழுத ஆரம்பித்த பிறகு எனக்கு ஒன்றுகூட நிற்கவில்லை.

டிராக்கிங் எண்ணில் ஆங்கில எழுத்தும் இலக்கமுமாக மொத்தம் 13 இருக்கும், ஐஎன் (IN) என்று முடியும். அதே எண்ணை ஜெர்மன் தபால் நிறுவனத்தின் இணையதளத்திலும் போட்டுப் பார்க்கலாம். ஆள் இல்லாத நேரத்தில் வந்தால் பெட்டியில் ஒரு சீட்டு கிடக்கும், 7 நாளுக்குள் பாஸ்போர்ட்டோடு போய் வாங்கிக்கொள்ள வேண்டும்.

எப்போது அனுப்பச் சொல்வது? வத்தல், வடகம் எல்லாம் சித்திரை வெயிலில் காய்வது, ஆகவே வைகாசியில் வருகிற பார்சல்தான் எனக்கு அருமையாக இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் அடைமழை, கட்டும்போதே அப்பளம் நமுத்துவிடும். டிசம்பரில் இங்கே கிறிஸ்துமஸ் நெரிசல். தீபாவளிப் பலகாரம் மட்டும் எந்த மழையானாலும் அனுப்புவேன் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறார், நானும் தடுப்பதில்லை.