ஏமாற்றுதலும் நம்பிக்கை மோசடியும்

பேச்சில் இரண்டையும் துரோகம் என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா, ஏமாற்றுதலை 318ஆம் பிரிவிலும் நம்பிக்கை மோசடியை 316ஆம் பிரிவிலும் தனித்தனியே வைக்கிறது.

ஏமாற்றுபவனுக்குத் தொடக்கத்திலேயே கெட்ட எண்ணம் உண்டு. பொய் சொல்லித்தான் பொருளை வாங்குகிறான். மற்றதில் பொருள் நேர்மையாகவே கைமாறுகிறது. ஊருக்குப் போகும் பெண் இரட்டைவடச் சங்கிலியைக் கைக்குட்டையில் முடிந்து, "பத்திரமா வச்சிருங்கக்கா" என்று பக்கத்து வீட்டில் கொடுக்கிறாள்; வாங்கிய அக்காவின் மனத்தில் அன்று களங்கமில்லை, பின்னொரு நாள் அதை அடகுக்கடைக்குக் கொண்டுபோகும்போதுதான் குற்றம் பிறக்கிறது.

ஏமாற்றிப் பொருள் பெற்றவருக்கு 7 ஆண்டு வரை சிறை. அந்த அக்காவுக்கு 5 ஆண்டு வரைதான். இந்த ஏற்றத்தாழ்வு எனக்கு நெருடுகிறது. அதே நம்பிக்கை மோசடியை அரசு ஊழியரோ வங்கியரோ செய்தால் ஆயுள் தண்டனையும் கிடைக்கலாம், அது நியாயமே.