கல்லூரி ஹாக்கி காதல் நாவலும் காசுக்கு எழுதப்பட்ட வாசகர் கருத்துகளும்: வாங்கப்போகிறவர்கள் கவனத்துக்கு

அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கியைப் பின்னணியாகக் கொண்ட காதல் நாவல்களை இணையத்தில் வாங்குகிறவர்கள், குறிப்பாக அச்சுப் புத்தகமாக வாங்குகிறவர்கள், இந்தப் பதிவைப் படித்துவிட்டு வாங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஆயிரக்கணக்கான வாசகர்களின் பாராட்டோடும் நாலரை நட்சத்திர மதிப்பீட்டோடும் விற்பனைக்கு இருந்த ஒரு நாவலைப் பெரிய இணைய அங்காடி ஒன்றில் வாங்கினேன். வீட்டுக்கு வந்து சேர்ந்தது பக்கங்கள் விடுபட்ட கள்ள அச்சுப் பிரதி. வாசகர் கருத்துகள் பற்றிய என் புகார் இன்னும் நிலுவையில் இருப்பதால் அங்காடியின் பெயரையும் விற்பனையாளரின் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை.

முதலில் புத்தகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முன்னட்டை பளபளப்பாக, அசலைப் போலவே இருந்தது. பின்னட்டையில் பார்கோடும் விலையும் மங்கலாக, படத்தை மறுபடி படமெடுத்து அச்சிட்டதுபோல் இருந்தன. உள்ளே செய்தித்தாளைவிடச் சற்றே கனமான பழுப்புத் தாள்; ஒரு பக்கத்தின் எழுத்து மறுபக்கத்தில் தெரிந்தது. வலது ஓரத்தில் வரிகளின் கடைசி எழுத்துகள் வெட்டுப்பட்டிருந்தன. பதிப்பாளர் பெயரும் பதிப்புரிமை விவரங்களும் இருக்க வேண்டிய பக்கமே இல்லை. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டு படித்துவிடலாம் என்று நினைத்தாலும், நாவலின் பிற்பகுதியில் ஒரு பாரம் (ஒரே பெரிய தாளில் அச்சிட்டு மடித்துச் சேர்க்கும் பக்கத் தொகுதி) முழுவதும் இரண்டு முறை சேர்த்துக் கட்டப்பட்டு, அதற்கு அடுத்து வர வேண்டிய பாரம் காணாமல் போயிருந்தது.

இந்த வகை நாவலில் ஒரு பாரம் விடுபடுவது சாதாரண இழப்பு அல்ல. இவற்றில் பெரும்பாலானவை ஓர் அத்தியாயம் நாயகியின் பார்வையிலும் அடுத்த அத்தியாயம் நாயகனின் பார்வையிலும் மாறி மாறிச் சொல்லப்படுகின்றன. அவன் சொல்லாமல் விட்டதை அவள் எப்படிப் புரிந்துகொண்டாள் என்பதில்தான் கதை நகர்கிறது. என் பிரதியில், அணியின் தலைவனான நாயகன் இறுதிக்கட்ட ஆட்டத்துக்கு முந்தைய இரவு நாயகியிடம் மனம் திறக்கிறான். அடுத்த பக்கத்தில் ஏற்கெனவே படித்த விருந்துக் காட்சி திரும்ப வருகிறது. அது முடிந்ததும் ஆட்டமே முடிந்து, இருவரும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள். அவளுடைய பதிலும், அவள் எடுத்த முடிவும், ஆட்டத்தின் மூன்றாவது பகுதியும் எனக்குக் கிடைக்கவே இல்லை. முன்னூறு பக்கங்களாக ஓர் ஆசிரியர் பொறுமையாகக் கட்டி எழுப்பியதை அந்த ஒரே இடத்தில் பறித்துக்கொண்டார்கள்.

அதன்பிறகு, அந்தப் புத்தகத்தின் கீழ் இருந்த வாசகர் கருத்துகளை ஒவ்வொன்றாக நிதானமாகப் படித்தேன். நாயகனின் பகுதியை வாசித்தவரின் குரல் மனத்தை உருக்கியது என்று ஒருவர் எழுதியிருந்தார். அது ஒலிநூலுக்கான கருத்து. எழுத்துருவைப் பெரிதாக்கிக்கொள்ள முடிந்தது வசதியாக இருந்தது என்று எழுதியவர் மின்னூலைப் படித்தவர். வேறு சிலர் பாராட்டிய நாயகனோ இந்த நாவலின் நாயகனே அல்லன். இத்தகைய தொடர்களில் முதல் நூல் ஒரு வீரனின் கதையாகவும், அடுத்த நூல் அதே அணியின் கோல்காவலன் அல்லது தடுப்பாட்டக்காரனின் கதையாகவும் அமைவது வழக்கம். தொடரின் வெவ்வேறு நூல்களுக்கும் வடிவங்களுக்கும் வந்த கருத்துகளை ஒன்றாகச் சேர்த்து, அவற்றின் கீழ் இந்தக் கள்ளப் பிரதியை நுழைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இப்படி ஒரு பொருளுக்கு வந்த கருத்துகளை இன்னொரு பொருளுக்குச் சேர்த்துக் காட்டியதற்காக, ஊட்டச்சத்து மாத்திரைகள் விற்கும் நிறுவனம் ஒன்றின் மீது அந்நாட்டுக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2023இல் நடவடிக்கை எடுத்து, 6 லட்சம் டாலர் செலுத்த வைத்தது. புத்தக விற்பனையில் நடப்பதும் அதே தந்திரம்தான்.

எனக்கு மிகுந்த வேதனை தந்தவை எஞ்சிய கருத்துகள். ‘உறுதிசெய்யப்பட்ட கொள்முதல்’ என்ற முத்திரையோடு, அடுத்தடுத்த நாள்களில், ஏறத்தாழ ஒரே நீளத்தில், எல்லாமே ஐந்து நட்சத்திரத்தோடு அவை இருந்தன. அவற்றில் ஒன்று, நாயகன் கடைசி நிமிடத்தில் பெனால்டி கார்னரில் கோல் போடும் காட்சியில் கண்ணீர் வந்துவிட்டது என்கிறது. ஐஸ் ஹாக்கியில் பெனால்டி கார்னர் என்பதே கிடையாது. அது நம் ஊரில் ஹாக்கி என்றதும் நினைவுக்கு வருகிற மைதான ஹாக்கிக்கு உரியது. இன்னொன்று, பசும்புல் மைதானத்தின் வருணனையை மெச்சுகிறது. உறைபனித் தளத்தில் சறுக்கிக்கொண்டு ஆடும் ஆட்டத்தைப் பற்றிய நாவலின் முதல் அத்தியாயத்தைப் புரட்டியிருந்தால்கூட ஒருவரால் இப்படி எழுத முடியாது. அட்டையில் ‘ஹாக்கி’ என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டு யாரோ கூலிக்கு எழுதியவை இவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உண்மையான வாசகர்கள் இந்த நாவல்களைப் பற்றி எழுதும் விதமே வேறு. அவர்கள் கதைக்குள் இறங்கி வாதிடுகிறார்கள். பாடம் சொல்லித்தர வந்தவளிடம் வீரன் மனத்தைப் பறிகொடுப்பது, பொய்யாகக் காதலிப்பதாக நடித்து மெய்யாகவே காதலில் விழுவது, பயிற்சியாளரின் மகளை விரும்புவது என்று பழகிப்போன கதைப்போக்குகளில் இந்த ஆசிரியர் புதிதாக என்ன செய்தார் என்று கேட்கிறார்கள். ஆட்டத்தில் பிழை இருந்தால் விடமாட்டார்கள். இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகள் சரியாக வருகின்றனவா, அக்டோபரில் தொடங்கி ஏப்ரலில் இறுதிப்போட்டியோடு முடிகிற கல்லூரிப் பருவத்தோடு கதையின் காலம் பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கியில் வீரர்கள் முகம் முழுவதையும் மறைக்கும் காப்பு அணிந்தாக வேண்டும் என்பதால், ஆட்டத்தின் நடுவே நாயகன் நாயகியைப் பார்த்து இதழோரம் புன்னகைத்தான் என்று எழுதினால், அவளுக்கு அது எப்படித் தெரிந்தது என்று கேட்கும் வாசகர்கள் அவர்கள். கல்லூரி வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்திப் பணம் ஈட்டலாம் என்ற விதி 2021 ஜூலையில் வந்துவிட்டதே, பிறகு ஏன் இந்தப் புகழ்பெற்ற வீரன் வாடகைக்குத் திண்டாடுகிறான் என்றும் கேட்கிறார்கள். அத்தகைய மூன்று நட்சத்திரக் கருத்து ஒன்று, நூறு புகழுரைகளைவிட எனக்குப் பயன்பட்டிருக்கிறது. இப்படி அக்கறையோடு எழுதுகிறவர்களின் சொற்கள் கூலிக்கு எழுதப்பட்ட குவியலின் அடியில் புதைந்துபோவதுதான் இதில் நடக்கும் பெரிய அநியாயம்.

புத்தகத்தின் உள்ளே ஒரு சிறிய அட்டை செருகப்பட்டிருந்தது. ஐந்து நட்சத்திரம் கொடுத்துப் பாராட்டி எழுதி, அதன் திரைப்பிடிப்பை (ஸ்கிரீன்ஷாட்) ஒரு வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பினால் நூறு ரூபாய் அனுப்பப்படும் என்று அதில் அச்சிட்டிருந்தது. முத்திரையோடு இருந்த பாராட்டுகள் எங்கிருந்து வந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை. நான் குறைகளை விவரித்து, விடுபட்ட பக்கங்களின் படங்களோடு ஒரு நட்சத்திரக் கருத்து எழுதினேன். பொருளின் நிலை பற்றிய குறைகளை வாசகர் கருத்தாக ஏற்க முடியாது என்று அங்காடி அதை நிராகரித்தது. அச்சுத் தரத்தைப் புகழ்ந்து, அதே விற்பனையாளரின் பிரதிக்கு எழுதப்பட்ட வரிகள் மட்டும் இன்றும் அங்கே இருக்கின்றன. விற்பனையாளரோ, இனி எங்கும் எதிராக எழுதமாட்டேன் என்று உறுதியளித்தால் உடனே பணத்தைத் திருப்பித் தருவதாகச் செய்தி அனுப்பினார். நான் மறுத்துவிட்டேன்.

இந்த இடத்தில் சட்டம் வாங்குகிறவர் பக்கம் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, குறைபாடுள்ள அல்லது போலியான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர விற்பனையாளர் மறுக்கக் கூடாது. தானே நுகர்வோராக வேடமிட்டுக் கருத்து எழுதவும் கூடாது. அங்காடியின் குறைதீர் அலுவலர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். இந்த விதியை எடுத்துக்காட்டி எழுதி, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்த பிறகே என் பணம் நிபந்தனையின்றித் திரும்பி வந்தது. காசுக்கு எழுதப்பட்ட கருத்துகளை வெளியிடக் கூடாது என்று சொல்லும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 19000 தரநிலை 2022இல் வந்தது. ஆனால் அது கட்டாயமாக்கப்படவில்லை. அமெரிக்காவில் 2024 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கும் விதி, பாராட்டி எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு சலுகை தருவதையே தடைசெய்து, மீறினால் அபராதம் விதிக்கிறது. நமக்கும் அப்படிக் கட்டாயமான, தண்டனையோடு கூடிய விதி வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

புகழுரை மட்டும்தான் போலியாக இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் அறிமுக எழுத்தாளர் ஒருவர் போலிக் கணக்குகளைத் தொடங்கி, சக எழுத்தாளர்களின் நூல்களுக்குத் தாழ்ந்த மதிப்பீடு இட்டது வெளியாகி, அவருடைய நூலைப் பதிப்பகம் கைவிட்டது.

இன்னொன்றையும் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். பள்ளி மாணவர்களும் படிக்கத்தக்க இனிய கதை என்று என் நாவலின் கீழ் எழுதியிருந்தார்கள். அட்டையும் சித்திரக்கதைபோல் வண்ணமயமாக இருந்தது. உள்ளே இருப்பவை வயதுவந்தோருக்கான, வெளிப்படையான காட்சிகள். இந்த வகையில் பல நூல்களுக்கு இப்போது இப்படித்தான் அட்டை போடுகிறார்கள். அது பதிப்பாளரின் விருப்பம், அதில் எனக்குக் குறையில்லை. உள்ளடக்கத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டிய இடத்தில் பொய் சொல்வதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

ஆகவே வாங்குவதற்கு முன் புத்தகத்தின் பெயரைப் பார்ப்பதோடு நிற்காமல், விற்பவர் யார் என்று பாருங்கள். அசல் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குப் புதிய பிரதி கிடைக்கிறது என்றால், பதிப்பாளரின் இந்திய விலையோடு ஒப்பிடுங்கள். கருத்துகளைத் தேதி வரிசையில் மாற்றி, அண்மையில் எழுதப்பட்டவற்றிலிருந்து படியுங்கள். வாசகர்கள் இணைத்த உட்பக்கப் படங்களைத் தேடுங்கள். பொட்டலத்தைப் பிரிக்கும்போதே காணொளி எடுத்துக்கொண்டு, பக்க எண்களைக் கடைசிவரை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிந்த பிறகு குறை கண்ணில் பட்டால் அலைச்சல் பலமடங்காகும்.

நான் அந்தப் பிரதியையும் அட்டையையும் விற்பனையாளரின் செய்திகளையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். கள்ளப் பிரதி பற்றி அசல் பதிப்பாளருக்கும் எழுதியிருக்கிறேன். பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, தெரிந்தே செய்யப்படும் உரிமைமீறல் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். இதேபோன்ற அட்டை செருகப்பட்ட, ஒரு பாரம் இரட்டித்த கல்லூரி ஹாக்கி நாவல் உங்களுக்கும் வந்திருந்தால், அதைத் தூக்கி எறிந்துவிடாமல், இரட்டித்த பக்க எண்களையும் ரசீதையும் படமெடுத்து 1915இல் உங்கள் பெயரில் தனிப் புகாராகப் பதிவு செய்யுங்கள். என் ஒருத்தியின் புகாரை அச்சுப்பிழை என்று ஒதுக்கிவிட முடியும். ஒரே பக்கங்கள் விடுபட்ட பல பிரதிகளை அப்படி ஒதுக்க முடியாது.