பிரெல்லியின் பச்சை வளைய டயர்: இஸ்தான்புல் 2020 காட்டிய பலமும் பலவீனமும்

ஃபார்முலா 1-ல் அரை ஈரத் தளத்துக்கென்று பிரெல்லி தரும் பச்சை வளையமிட்ட சின்டுராட்டோ இன்டர்மீடியட் (சுருக்கமாக இன்டர்) டயரை மதிப்பிட, 2020 நவம்பர் 15-ல் இஸ்தான்புல் பார்க்கில் நடந்த துருக்கி கிராண்ட் பிரீயைவிடக் கடுமையான சோதனை கிடையாது. 58 சுற்றுப் பந்தயத்தில் கடைசி 50 சுற்றையும் ஒரே செட்டில் ஓட்டி வென்றார் லூயிஸ் ஹாமில்டன். ஏழாவது உலகப் பட்டமும் அன்றே உறுதியானது. அதே பந்தயத்தில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த லான்ஸ் ஸ்ட்ரோல், 36-ம் சுற்றில் இதே டயரின் புது செட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார், முடித்தது ஒன்பதாவதாக. காரின் முன் இறக்கைக்கு (விங்) அடியில் சேதம் இருந்தது பிறகு தெரியவந்தது, அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனாலும் அவர் டயர் பட்ட பாடு, டயரின் குணத்தை அப்படியே காட்டிவிட்டது.

முதலில் தளம். பந்தயத்துக்குச் சில வாரங்கள் முன்புதான் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். புதுத் தாரின் எண்ணெய்ப் பசை மேலே கசிந்துகொண்டிருந்தது. பிரெல்லி கொண்டுவந்த ஸ்லிக் டயர்களோ (காய்ந்த தளத்துக்கான, பள்ளமே இல்லாத டயர்கள்) இருப்பதிலேயே கடினமான சி1, சி2, சி3. காய்ந்த தளத்திலேயே பிடிப்பு இல்லை, அதன்மேல் மழை. பச்சை வளையத்துக்கு வேலை வந்தது இப்படித்தான்.

பெரும்பாலான கார்கள் நீல வளையமிட்ட ஃபுல் வெட்டில் புறப்பட்டன. அது தேங்கிய தண்ணீருக்கானது. தண்ணீர் குறைந்தால் அதன் உயரமான பட்டன்கள் (பள்ளங்களுக்கு இடையே நிற்கும் ரப்பர் கட்டிகள்) நெளிந்து சூடேறிக் கிழிய ஆரம்பிக்கும். 6-வது சுற்றில் சார்ல் லெக்லெர்க் முதலில் டயர் மாற்றும் இடமான பிட்டுக்குள் வந்து இன்டர் மாட்டினார். 8-ல் ஹாமில்டனும் செபாஸ்டியன் வெட்டலும், 9-ல் ஸ்ட்ரோலும், 10-ல் செர்ஜியோ பெரெஸும் மாறினார்கள். இதுவரை எல்லோருக்கும் ஒரே கணக்கு. பிரிவு வந்தது அடுத்த மாற்றத்தில்தான்.

புது இன்டரின் முதல் குறை கிரெய்னிங். பட்டன் உயரமாக இருக்கும்போது வளைவில் பக்கவாட்டு விசை பட்டால் அது அடியோடு சாயும். மேல்தோல் இழை இழையாகக் கிழிந்து டயரிலேயே திரும்ப ஒட்டிக்கொள்ளும். அந்தத் திரிகளின் மேல்தான் கார் உருளும். தளத்தைத் தொடும் ரப்பர் குறைந்துபோகும். ஓட்டுநர் வேகம் கூட்டினால் வழுக்கல் கூடும், வழுக்கினால் கிழிசல் கூடும். இதிலிருந்து வெளியே வர ஒரே வழி, சில சுற்றுகள்வரை முன்பக்க டயரை வருத்தாமல் ஓட்டுவது: ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்ப வேண்டும், ஈரப்பட்டைகளில் டயரைக் குளிர்விக்க வேண்டும். புது டயர் என்ற நம்பிக்கையில் உடனே விரட்டுபவர்தான் அதிகம் இழக்கிறார்.

பட்டன் தேய்ந்த பிறகு கதை மாறுகிறது. குட்டையான பட்டன் நெளிவதில்லை, அதனால் வீணாகச் சூடேறுவதும் இல்லை. பள்ளங்கள் ஆழமிழந்து, தளத்தோடு படியும் பரப்பு கூடுகிறது. நம் ஊர் வழக்கில் மொட்டை டயர். சாலையில் மொட்டை டயர் ஆபத்து. இஸ்தான்புல்லின் அரை ஈரத்தில் அதுவே கிட்டத்தட்ட ஸ்லிக் வேலை பார்த்தது, அதுவும் ஈரத்துக்கென்றே செய்த மென்மையான ரப்பரில். ஹாமில்டன் 37-ம் சுற்றில் பெரெஸை முந்தினார். அவருடைய டயர் பெரெஸின் டயரைவிட 2 சுற்று பழையது. அங்கிருந்து 21 சுற்றில் அவர் சேர்த்த இடைவெளி 31.6 விநாடி, அதாவது சுற்றுக்கு ஒன்றரை விநாடி. ஓட்டுநரின் கையும் மெர்சிடஸ் காரும் இதில் பெரும் பங்கு என்பது உண்மை. ஆனால் அதே காரில் ஓடிய வால்ட்டெரி போட்டாஸ் ஆறு முறை சுழன்று 14-வதாக முடித்தார். கார் நல்லதாக இருந்தால் மட்டும் இந்த டயர் ஒத்துழைக்காது.

புது செட் போட்டவர்கள் எல்லோருமே தோற்றார்கள் என்று சொன்னால் அது தவறு. 33-ம் சுற்றில் இரண்டாவது முறை நின்ற வெட்டல் மூன்றாவதாக வந்தார். பெரெஸுக்கும் அவருக்கும் இடையே அரை விநாடிகூட இல்லை. லெக்லெர்க்கும் இரண்டாவது செட்டில்தான் கடைசிச் சுற்றுவரை முதல் மூவருக்கான மேடைக்குப் போராடினார். கிரெய்னிங் கட்டத்தைத் தாண்டிவிட்டால் புது செட்டில் வேகம் இருக்கிறது. தாண்டுவதற்கான சுற்றுகளும் பிட் ஸ்டாப்பில் போகும் இருபது விநாடிக்கு மேற்பட்ட நேரமும் மிச்சப் பந்தயத்தில் திரும்பக் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. பாதிப் பந்தயம் மீதம் இருந்தால் கிடைக்கலாம். பத்து சுற்றுக்குள் என்றால், டயர் உடையாதவரை, மாற்றாதிருப்பதே மேல்.

கடைசிச் சுற்றுகளில் மெர்சிடஸ் குழு பாதுகாப்புக்காக உள்ளே அழைத்தபோது ஹாமில்டன் மறுத்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. தேய்ந்த இன்டருக்குத் தண்ணீரை வெளியேற்றும் சக்தி போய்விட்டிருக்கும்; கார்கள் ஓடிக் காய்ந்த தடத்தை விட்டு ஈரமான பிட் வழிக்குத் திரும்பும்போதுதான் அது கைவிடும். 2007-ல் ஷாங்காயில் இப்படித் தேய்ந்த டயருடன் பிட் வழியில் திரும்பி, சரளைக் குழியில் சிக்கியவர் அவர். அந்த ஆண்டுப் பட்டம் ஒரே புள்ளியில் கைநழுவியது. மழை மீண்டும் வலுத்தாலும் மொட்டை இன்டரால் தாக்குப்பிடிக்க முடியாது என்பதையும் மறக்கக் கூடாது.

ஆயுளின் எல்லை அடுத்த ஆண்டு தெரிந்தது. 2021 அக்டோபர் 10, அதே இஸ்தான்புல். தளத்தை இடையில் சொரசொரப்பாக்கியிருந்தார்கள், ஆகவே தேய்மானம் அதிகம். அங்கு வெட்டல் ஸ்லிக் மாட்டிப் பார்த்து உடனே திரும்ப வேண்டியதாயிற்று. பார்வைக்குக் காய்ந்த தளம் உண்மையில் காயவில்லை. ஹாமில்டன் 50-ம் சுற்றில் புது இன்டர் மாட்டினார், மூன்றாமிடத்திலிருந்து ஐந்துக்கு இறங்கினார், கிரெய்னிங் மறுபடி வாட்டியது. எஸ்டெபான் ஓகான் மட்டும் 58 சுற்றையும் ஒரே செட்டில் முடித்துப் பத்தாவதாக ஒரு புள்ளி வாங்கினார். 1997 மொனாக்கோவில் மிக்கா சாலோவுக்குப் பிறகு பிட்டில் நிற்காமலே பந்தயம் முடித்தவர் அவர்தான். கழற்றிப் பார்த்தபோது டயரின் உள்விளிம்பில் ரப்பர் போய் உள்நூல் தெரிந்தது. இன்னும் சில சுற்று ஓடியிருந்தால் வெடித்திருக்கும்.