ஜிமெயில் முதல் டூட்டா வரை: இலவச மின்னஞ்சலில் சாவி யாரிடம்?

இலவச மின்னஞ்சல் என்றாலே இரண்டு அச்சங்கள் கலந்துவிடுகின்றன. வெளியாள் கணக்கைப் பறித்துக்கொள்வாரோ என்பது ஒன்று. சேவையை நடத்தும் நிறுவனமே அஞ்சலைப் படிக்குமோ என்பது மற்றொன்று. ஒன்றில் தேறும் சேவை மற்றதிலும் தேறும் என்று சொல்ல முடியாது. பெரும்பாலானவர்களுக்கு உண்மையான இழப்பு முதலாவதில்தான் நேர்கிறது. வங்கி, கடை, சமூக ஊடகம் என எல்லாக் கணக்குகளின் கடவுச்சொல்லையும் மாற்றும் இணைப்பு அந்த ஒரே பெட்டிக்குத்தான் வருகிறது.

கணக்கைக் காப்பதில் ஜிமெயில் மிக வலுவானது. பாஸ்கீ (கடவுச்சொல்லுக்குப் பதில் கைபேசி அல்லது கணினியின் திரைப்பூட்டாலேயே நுழையும் வழி), பாதுகாப்புச் சாவி (நுழையும்போது இணைக்கும் சிறு கருவி), ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டும் செல்லும் 10 மாற்றுக் குறியீடுகள் எல்லாம் இலவசக் கணக்கிலேயே உண்டு. எஸ்எம்எஸ் ஓடிபியை மட்டும் நம்ப வேண்டாம்; உங்கள் எண்ணுக்கு வேறொருவர் புது சிம் வாங்கிவிட்டால் ஓடிபி அவருக்கே போகும். ஆறு இலக்கக் குறியீட்டைக் கைபேசியிலேயே உருவாக்கும் ஆதென்டிகேட்டர் செயலி அதைவிட மேல். ஆனால் போலிப் பக்கத்தில் அந்த ஆறு இலக்கத்தையும் நீங்களே தட்டினால் அதுவும் பறிபோகும். பாஸ்கீ உண்மையான தள முகவரியோடு பிணைந்திருப்பதால் போலிப் பக்கத்தில் வேலையே செய்யாது.

தனியுரிமை வேறு கதை. விளம்பரத்தைத் தேர்ந்தெடுப்பதற்காக அஞ்சலின் உள்ளடக்கத்தை அலசுவதை நிறுத்துவதாக 2017-இல் கூகுள் அறிவித்தது. ஸ்பேம் வடிகட்டவும் பதிலைப் பரிந்துரைப்பது போன்ற ஸ்மார்ட் வசதிகளுக்காகவும் இயந்திரம் இன்னமும் படிக்கிறது, பூட்டிய அஞ்சலைத் திறக்கும் குறியாக்கச் சாவியும் கூகுளிடமே இருக்கிறது. ஸ்மார்ட் வசதிகளை அமைப்புகளில் அணைத்துவிடலாம். ஜிமெயிலின் 'கான்ஃபிடென்ஷியல் மோட்' (ரகசிய முறை) என்ற பெயரில் மயங்க வேண்டாம். அது பெறுபவரின் ஃபார்வர்ட், பிரின்ட் பொத்தான்களை மறைக்கிறது. ஸ்கிரீன்ஷாட்டைத் தடுக்காது, கூகுளிடமிருந்தும் எதையும் மறைக்காது.

யாகூவை முதன்மைக் கணக்காக வைத்துக்கொள்ளச் சொல்வதற்கில்லை. 2013-இல் நடந்த ஊடுருவலில் அப்போதிருந்த 300 கோடி கணக்குகளும் பாதிக்கப்பட்டதை நிறுவனம் 2017-இல்தான் ஒப்புக்கொண்டது. திருடுபோனவற்றில் பாதுகாப்புக் கேள்விகளுக்கான பதில்களும் இருந்தன. எந்தத் தளம் அப்படிக் கேள்வி கேட்டாலும் உண்மையான பதிலைத் தராதீர்கள். பொருளற்ற ஒரு சொல்லை எழுதி, பாஸ்வேர்ட் மேனேஜரில் சேமித்து வையுங்கள்.

மைக்ரோசாஃப்டின் அவுட்லுக்கில் பலர் கவனிக்காத நல்ல வசதி ஒன்று உண்டு: ஏலியஸ், அதாவது அதே கணக்குக்கு இன்னொரு முகவரி. யாருக்கும் சொல்லாத இரண்டாவது முகவரி ஒன்றை உருவாக்கி, மைக்ரோசாஃப்ட் கணக்கின் சைன்-இன் விருப்பங்களில் அதற்கு மட்டும் நுழையும் அனுமதி கொடுங்கள். எல்லோருக்கும் தெரிந்த முகவரிக்கு அந்த அனுமதியை எடுத்துவிடுங்கள். அதன்பின் கசிந்த முகவரிப் பட்டியலை வைத்துக்கொண்டு கடவுச்சொல்லை ஊகிப்பவர்களால் முதல் படியைக்கூடத் தாண்ட முடியாது.

சுவிட்சர்லாந்தின் புரோட்டான் மெயிலும் ஜெர்மனியின் டூட்டாவும் இரண்டாவது அச்சத்துக்காகவே பிறந்தவை. ஆனால் விளம்பரம் சொல்வதைவிடக் காப்பு குறுகியது. ஜிமெயிலிலிருந்து புரோட்டானுக்கு வரும் அஞ்சல் வந்து சேர்ந்த பிறகுதான் உங்கள் சாவியால் பூட்டப்படுகிறது. அனுப்பியவரின் பெட்டியில் அதே அஞ்சல் கூகுள் படிக்கும் நிலையில் கிடக்கும். புரோட்டானில் தலைப்பு வரி, அனுப்புநர், பெறுநர் விவரங்களுக்கு முனைக்கு முனை குறியாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கக்கூடிய பூட்டு) கிடையாது. டூட்டா தலைப்பையும் பூட்டுகிறது, அதில் அது ஒரு படி மேல். மாறாக, அஞ்சலை வேறு செயலிகளில் திறக்க உதவும் ஐமேப் வசதியே இல்லாததால் அதன் சொந்தச் செயலியையும் இணையதளத்தையும் தவிர வேறு வழியில்லை. இந்த நிறுவனங்கள் சட்டத்துக்கு அப்பாற்பட்டவையும் அல்ல: 2021-இல் சுவிஸ் அதிகாரிகளின் உத்தரவுப்படி ஒரு பிரெஞ்சுச் செயற்பாட்டாளரின் ஐபி முகவரியை (இணையத்தில் அவரது இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணை) புரோட்டான் பதிவுசெய்து கொடுக்க நேர்ந்தது. மீட்புச் சொற்றொடர் போன்ற மீட்பு வழி எதையும் வைக்காமல் புரோட்டான் கடவுச்சொல்லை மீட்டமைத்தால் கணக்கு திரும்பலாம், பழைய அஞ்சல்கள் பூட்டியபடியே இருக்கும். டூட்டாவில் கடவுச்சொல், மீட்புக் குறியீடு இரண்டும் தொலைந்தால் கணக்கே போயிற்று.

எந்தச் சேவையானாலும், கணக்கு ஒருமுறை களவுபோய்த் திரும்பினால் கடவுச்சொல்லை மாற்றுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். திருடன் விட்டுச்செல்லும் பின்வாசல் அதனால் அடைபடாது. ஜிமெயிலைக் கணினியில் திறந்து முழு அமைப்புகளுக்குப் போங்கள். ஃபார்வர்டிங் பகுதியில் தெரியாத முகவரி இருந்தால் நீக்குங்கள். பிறகு ஃபில்டர்கள், அதாவது வரும் அஞ்சலைத் தானே வகைப்படுத்தும் விதிகள்: 'வங்கி' போன்ற சொல் வரும் அஞ்சல்களை நேரே குப்பைக்கோ ஆர்க்கைவுக்கோ தள்ளும் விதி ஒன்று அங்கே ஒளிந்திருக்கலாம். கணக்கைப் பிறருக்கு அணுகத் தரும் பகுதி, கூகுள் கணக்குப் பக்கத்தில் இணைத்திருக்கும் வெளிச் செயலிகள், அவற்றுக்கெனத் தனியாக உருவாக்கிய ஆப் பாஸ்வேர்டுகள், மீட்பு எண், மீட்பு மின்னஞ்சல் எல்லாவற்றையும் பாருங்கள். இன்பாக்ஸின் அடியில் வலப்பக்கம் உள்ள 'டீடெயில்ஸ்' இணைப்பு அண்மையில் நுழைந்த ஐபி முகவரிகளைக் காட்டும்.

படங்களை ஜிமெயில் தன் சொந்த சர்வர் வழியாகக் கொண்டுவருவதால் அனுப்புநருக்கு உங்கள் ஐபி தெரியாது. அஞ்சலைத் திறந்த செய்தி மட்டும் போய்விடும். வெளிப் படங்களைக் காட்டும் முன் கேட்கச் சொல்லும் அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் அதுவும் போகாது.

இலவசக் கணக்கு முடங்கினால் பேசுவதற்கு ஆள் கிடைப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம், தானியங்கிப் படிவம்தான். கூகுளில் 2 ஆண்டுகள் பயன்படுத்தாத கணக்கு நீக்கப்படலாம். டூட்டாவின் இலவசக் கணக்குக்கு 6 மாதமே கெடு. மீட்பு மின்னஞ்சலை வேறொரு நிறுவனத்தில் வையுங்கள், மாற்றுக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதுங்கள், கூகுளின் தரவிறக்கச் சேவையான டேக்அவுட் வழியாக அஞ்சல்களை எம்பாக்ஸ் (அஞ்சல்களைச் சேமிக்கும் வடிவம்) கோப்பாக அவ்வப்போது இறக்கிக்கொள்ளுங்கள்.