உப்புக்காற்று அடிக்கும் கடைமடையில் எந்த சிமெண்ட்?

2018 கஜா புயலில் ஓட்டு வீடு போன பிறகு, வேதாரண்யம் பக்கத்து அகத்தியன்பள்ளி உப்பளத்துக்குக் கூப்பிடு தூரத்தில் மாடி வீடு கட்டினோம். சிமெண்டில் மூன்று வழி இருந்தது: சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டான ஓ.பி.சி. 53 கிரேடு, அனல்மின் சாம்பல் கலந்த பி.பி.சி., இரும்பாலைக் கசடு கலந்த பி.எஸ்.சி. நான் எடுத்தது பி.எஸ்.சி.

மேஸ்திரிக்கு 53 கிரேடுதான் பிடிக்கும். சீக்கிரம் இறுகும், சென்ட்ரிங்கைச் சீக்கிரம் பிரிக்கலாம். சரிதான். கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் கட்டுகிறவர்களுக்கு பி.பி.சி.யே போதும் என்பேன். பூச்சு வேலைக்கு நானும் அதைத்தான் வாங்கினேன்.

என் மனதை மாற்றியது பெரியப்பா வீட்டு சன்ஷேடு. கம்பி ஓடும் வழியெல்லாம் கோடு கிழித்தாற்போல் வெடிப்பு. விரலால் நெம்பினால் கான்கிரீட் பெயர்ந்து வந்தது. உள்ளே கம்பி ஏடு ஏடாக உரிந்தது. உப்பு ஊறிப்போய்க் கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும். துரு உப்பி கான்கிரீட்டைப் பிளக்கும். கசடு கலந்த கான்கிரீட்டில் துளைகள் நுண்ணியவை, உப்பு மெதுவாகத்தான் இறங்கும்.

ஆனால் தண்ணீர் காட்டாவிட்டால் இந்தப் பலன் கிடைக்காது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 ஓ.பி.சி.க்குக் குறைந்தது 7 நாள் என்கிறது, கலப்பு சிமெண்டுக்கு 10 நாள். வறண்ட வெயில் என்றால் 14. நாங்கள் தளத்தின் மேல் நாற்றங்கால் மாதிரி வரப்பு கட்டி 14 நாள் தண்ணீர் நிறுத்தினோம். போர் தண்ணீர் உப்பு. ஆர்.சி.சி. (கம்பி போட்ட கான்கிரீட்) கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு ஆகாது என்பதால் எல்லாமே லாரித் தண்ணீர். அந்தச் செலவும் கூடுதல் நாள் சென்ட்ரிங் வாடகையும் மூட்டை விலையில் தெரியாது. தண்ணீருக்கு வழியில்லாதவர்கள் பி.எஸ்.சி. பக்கம் போக வேண்டாம்.

அப்புறம், கவர்: கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனம். கடலோரக் காற்று படும் கான்கிரீட்டுக்கு அதே ஐ.எஸ். 456 குறைந்தது எம்30 என்ற வலிமைத் தரக் கலவையும் 45 மி.மீ. கவரும் கேட்கிறது. கம்பிக்கு அடியில் வைக்க மேஸ்திரி கொண்டுவந்தது 20 மி.மீ. கவர் பிளாக். “தளத்துக்கு இது போதும் தம்பி” என்றார். இன்ஜினியர் வரைபடத்தைக் காட்டித்தான் மாற்ற வைத்தேன்.

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு மேலுள்ள எண்ணைப் பாருங்கள்: பி.எஸ்.சி. 455, பி.பி.சி. 1489, ஓ.பி.சி. 269. முதல் லோடிலேயே 12 மூட்டை 1489 வந்தது, திருப்பி அனுப்பினேன்.

எங்கள் வீடு இன்னும் நாலு ஐப்பசி மழைதான் பார்த்திருக்கிறது. சன்ஷேடில் கோடு எதுவும் இல்லை. பெரியப்பா வீட்டில் முதல் கோடு தெரியவே 15 வருஷம் ஆயிற்று.